கூழும் கப்பலும்

சென்ற ஆடி மாதம் அரூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். தருமபுரிச் சீமையில் கேழ்வரகைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கோயில் முன்னால் அண்டா அண்டாவாகக் கூழ். மோரும் வெங்காயமும் கலந்து ஒரு கிழவி ஊற்றிக் கொடுத்ததை இரண்டு சொம்பு குடித்தேன். இரண்டாவது சொம்பின்போது எனக்கு ஹைட்டி நாட்டின் ஞாபகம் வந்தது. வாசகர்கள் சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

ஹைட்டி, மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள கறுப்பு மக்களின் நாடு. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் 1791இல் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையும் முறியடித்து 1804 ஜனவரி 1ஆம் தேதி சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். எஜமானர் மேஜைக்கு மட்டும் உரியதாக இருந்த பரங்கிக்காய் சூப்பை அன்று எல்லோரும் குடித்தார்கள் என்பது ஐதிகம். இன்று நியூயார்க்கிலும் மியாமியிலும் மாண்ட்ரீலிலும் பிழைக்கப் போன ஹைட்டிக்காரர் வீடுகளில் வருஷப் பிறப்பன்று அந்தச் சூப்தான் விசேஷம். 2021இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை உலகப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அரிச்சுவடி தெரியாத குழந்தைகூட அன்றைக்குத் தன் பாட்டன் கதையைக் குடித்துவிடுகிறது.

கடல் கடந்த நம்மவருக்கு அப்படி ஏதாவது உண்டா என்றால், உண்டு. அதுவும் இதே கூழ்தான்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கரும்பு முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. கண் நம் பக்கம் திரும்பிற்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, சென்னையில் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேரைச் சுமந்துகொண்டு 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம். மாதம் பத்து ஷில்லிங் கூலி. 1911 வரை ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர் அப்படிப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களில் சேலம் ஜில்லாக்காரரும் உண்டு. தருமபுரி அப்போது சேலத்தோடு சேர்ந்தது. 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் தனி ஜில்லா ஆயிற்று.

சேலம் ஜில்லாவை 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. 1871 ஜனத்தொகைக் கணக்கில் பத்தொன்பதரை லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் 1881இல் பதினாறு லட்சத்துக்கு வந்துவிட்டார்கள். மாண்டவர்களே அதிகம். மற்றவர்களில் பலருக்குக் கண்டிச்சீமை, சிலருக்குக் கப்பல்.

போனவர்கள் மாரியம்மனை விடவில்லை. நேட்டாலில் இன்றும் ஆடியில் கூழ் காய்ச்சுகிறார்கள். பெரும்பாலும் மக்காச்சோள மாவில். டர்பன் அருகே இசிப்பிங்கோவில் உள்ள மாரியம்மன் கோயிலில் பெரிய திருவிழா எப்போது தெரியுமா? கிறிஸ்தவர்களின் புனித வெள்ளியன்று! தோட்டத்துரை லீவு கொடுத்தது அன்றைக்குத்தானே. அம்மனும் சம்மதித்துவிட்டாள். எனக்கு இதில் பரிகாசம் எதுவும் தோன்றவில்லை. நம் ஊர்ப் பஞ்சாங்கத்தைவிட அந்தத் திருவிழாவில் விசுவாசம் அதிகம் என்றே நினைக்கிறேன்.

வருஷந்தோறும் நவம்பர் 16ஐ அவர்கள் கொண்டாடுகிறார்கள். 2010இல் நூற்றைம்பதாவது ஆண்டைப் பெரிதாகவே கொண்டாடினார்கள். கப்பல் பதிவேடுகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன: நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு. பேரப்பிள்ளைகள் அந்த ஒரு வரியைப் பிரதி எடுத்துக்கொண்டு ஊரைத் தேடுகிறார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிய ஊர்ப் பெயர்! 'பட்டி' என்று முடிகிறது என்பது மட்டும் தெளிவாக இருந்தால் என்ன பிரயோஜனம்? இந்த ஜில்லாவில் தடுக்கி விழுந்தால் ஒரு பட்டி.

அவர்களுக்கு வந்த நாள் இருக்கிறது. நமக்கு அவர்கள் போன நாள் இல்லை. இத்தனைக்கும் இது ஞாபகக் கல் நடுவதில் பேர்போன சீமை. தருமபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள், மாடு மீட்கப் போய் மாண்டவர்களுக்கு எத்தனை நடுகற்கள்! பக்கத்துத் திருவண்ணாமலை ஜில்லாவில், எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. வீரனோடு அவன் நாய்க்கும் அதில் இடம். கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷமாக அது அழியவில்லை.

இதையெல்லாம் கூழ் ஊற்றிய கிழவியிடம் சொன்னேன். நாய் கதையைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, "எங்க பாட்டனோட அண்ணன் ஒருத்தர் பஞ்சத்துல கப்பலுக்குப் போயிட்டாருன்னு சொல்லுவாங்க" என்றாள்.

"அவர் பேர் என்ன, பாட்டி?"

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தெரியலீங்களே" என்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"