முதல் தண்டனை எங்கே?

தோழர்களே, மீண்டும் குற்றம் செய்பவருக்குக் கூடுதல் தண்டனை என்பது இங்கே பழைய சட்டம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 75ஆவது பிரிவில் அதை வைத்திருந்தது. நாணயக் குற்றங்களுக்கும் சொத்துக் குற்றங்களுக்கும் மட்டும். திரும்பத் திரும்பத் திருடியவனை எண்ணிய பிரிவு, திரும்பத் திரும்ப அடித்தவனை எண்ணவில்லை.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எண்ணுகிறது. இரண்டாம் முறை குற்றவாளி எனத் தீர்ப்பானால் குறைந்தது ஓராண்டுச் சிறை என்கிறது அதன் 5ஆவது பிரிவு. ஆனால் இரண்டாவதற்கு முதலாவது வேண்டும்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீக்கு ஏட்டில் குற்றவாளியே இல்லை. கடுஞ்சட்டம் கேட்கும் நாம், முதல் வழக்கின் சாட்சிக்குத் துணை நிற்போம்.