நமக்கு இடப்பட்ட பெயரும் நாம் விரும்பிய பெயரும்



எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த பெண் ஒருத்தி அண்மையில் ஒரு படிவத்தை எங்கள் முன் வைத்தாள். அரசிதழில் பெயர் மாற்றம் செய்வதற்கான படிவம் அது. அவளுடைய வாப்பும்மாவின் பெயரையே அவளுக்கு இட்டிருந்தோம்: ஜெயினம்பு. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது அப்பெயர் அழைக்கப்பட்ட ஒவ்வொரு நாளும் தான் தலையைக் குனிந்துகொண்டதாக அன்றுதான் அவள் சொன்னாள். “உலகத்தில் எனக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா, வாப்பா?” என்று அவள் கேட்டபோது எங்களிடம் உடனடி விடை இல்லை. அவளுக்கு விடை கூறும் பொருட்டே வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டினோம். அங்கே கண்டவற்றைத் தங்கள் பெயரை விரும்பாத பிள்ளைகள் உள்ள எல்லாக் குடும்பங்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மாற்றப்பட்ட பெயர்கள்

பெயரை மாற்றுவது மார்க்கத்தில் புதிய செய்தி அன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களே பலருடைய பெயர்களை மாற்றியுள்ளார்கள். உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு ‘ஆஸியா’ என்று பெயர் இருந்தது. கீழ்ப்படிய மறுப்பவள் என்பது அதன் பொருள். நபியவர்கள் அதனை நீக்கி, அழகியவள் எனப் பொருள்படும் ‘ஜமீலா’ என்ற பெயரைச் சூட்டினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஆஸியா என்ற பெயருடைய நம் சகோதரிகள் இதனைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. பிர்அவ்னின் மனைவியாகிய இறைநம்பிக்கையாளர் ஆஸியா அம்மையாரின் பெயர் அரபியில் அலிஃப், ஸீன் ஆகிய எழுத்துகளைக் கொண்டது. மாற்றப்பட்ட பெயரோ ஐன், ஸாத் ஆகிய எழுத்துகளால் ஆனது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன. உண்மையில் அவை வேறு வேறு சொற்கள்.

தீய பொருள் தரும் பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டன என்றும் சொல்லிவிட முடியாது. ‘பர்ரா’ என்றால் நன்மை மிக்கவள் என்று பொருள். அப்பெயரைத் தாங்கியவர் தம்மைத் தாமே தூயவர் எனப் புகழ்ந்துகொள்வது போல ஆகிவிடும் என்பதால் அதனையும் நபியவர்கள் மாற்றினார்கள். அன்னை ஜுவைரியா (ரலி) அவர்களின் முந்தைய பெயர் பர்ரா. ஜஹ்ஷ் அவர்களின் மகளாரான அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் முந்தைய பெயரும் பர்ராவே. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகளும் பர்ராவாக இருந்து ஸைனப் ஆனவர்தாம்.

ஒரு பெயர் அதை உடையவருக்கு இழிவாகவோ, வீண் பெருமையாகவோ அமையும்போது அதனை மாற்றுவது நபிவழியில் உள்ளதே என்பது இதனால் விளங்கும். தமிழகக் கிராமங்கள் சிலவற்றில், பெண் குழந்தை இனிப் பிறக்க வேண்டாம் என்னும் எண்ணத்தில் ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என்றெல்லாம் பெயரிடும் வழக்கம் இருந்துள்ளது. அத்தகைய பெயரைச் சுமக்கும் பெண் அதனை மாற்றிக்கொள்ள விரும்பினால் அவளைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை.

மறுத்தவர் ஒருவர்

நபியவர்கள் புதிய பெயரை முன்மொழிந்தபோது ஏற்க மறுத்த ஒருவரும் இருந்தார். ஹஸ்ன் என்பது அவர் பெயர். கரடுமுரடான நிலம் என்று பொருள். இனி நீர் ‘ஸஹ்ல்’, அதாவது சமமான நிலம், என்று நபியவர்கள் கூறினார்கள். தந்தை இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் விடையளித்தார். நபியவர்கள் அவரை வற்புறுத்தவில்லை. அவருடைய பேரர்தாம் மதீனாவின் பேரறிஞர் ஸயீத் இப்னுல் முஸய்யப். அந்நாள் தொட்டுத் தங்கள் குடும்பத்தாரிடம் ஒரு கடுமை தங்கிவிட்டது என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். தந்தை தந்த பெயர்மீது மனிதருக்கு உள்ள பற்று எத்துணை ஆழமானது என்பதும், அப்பற்றைக்கூட நபியவர்கள் வலிந்து பிடுங்கவில்லை என்பதும் இச்செய்தியிலிருந்து நாம் அறிவன.

விரும்பிய பெயருக்காகப் போராடியவர்களும் உண்டு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்கு முன் ‘அப்து அம்ர்’ என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்கள் மதீனாவிலிருந்து மக்காவின் உமய்யா இப்னு கலஃபுடன் ஓர் எழுத்து உடன்படிக்கை செய்தார்கள். மக்காவிலுள்ள இவருடைய உடைமைகளை அவன் காப்பது, மதீனாவிலுள்ள அவனுடைய உடைமைகளை இவர் காப்பது என்பது ஏற்பாடு. பத்திரத்தில் அப்துர் ரஹ்மான் என்று கண்டதும், ரஹ்மானைத் தனக்குத் தெரியாது, பழைய பெயரையே எழுது என்று உமய்யா கூறினான். அவ்வாறே அப்து அம்ர் என எழுதவேண்டியதாயிற்று. ஆவணத்தில் ஒரு பெயரும் உள்ளத்தில் ஒரு பெயருமாக வாழும் துன்பம் நம் காலத்தில் தோன்றியதன்று.

இழந்த பெயர், பெற்ற பெயர்

இவை எல்லாவற்றினும் நம் நெஞ்சை உருக்குவது ஸைத் (ரலி) அவர்களின் வரலாறு. சிறுவயதில் கவரப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர் அவர். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வழியாக நபியவர்களிடம் வந்து சேர்ந்தார். பின்னர் அவருடைய தந்தை ஹாரிஸா தேடிவந்தபோதும் நபியவர்களை விட்டுப் பிரிய மனமில்லை என்றார். நபியவர்கள் அவரைத் தம் மகனாக அறிவித்தார்கள். அன்றுமுதல் மக்கள் அவரை ‘ஸைத் இப்னு முஹம்மத்’ என்றே அழைத்தனர். இதனினும் உயர்ந்த பெயரை ஒரு மனிதர் விரும்ப முடியுமா?

பின்னர் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் இறங்கியது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது கட்டளை. ஸைத் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். அவர் விரும்பித் தேர்ந்த உறவின் பெயர் நீங்கியது. பிறப்பில் கிடைத்த பெயர் திரும்பியது. ஆனால் அதே அத்தியாயத்தின் 37-ஆம் வசனத்தில் அவருடைய சொந்தப் பெயர் இடம்பெற்றது. நபித்தோழர்களுள் குர்ஆனில் பெயர் குறிப்பிடப்பட்டவர் அவர் ஒருவரே. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் முஅத்தா போர்க்களத்தில் அவர் ஷஹீத் ஆனார். உலகெங்கும் அவ்வசனம் ஓதப்படும்போதெல்லாம், ‘இன்னாரின் மகன்’ என்ற சேர்க்கை ஏதுமின்றி, ஸைத் என்ற பெயர் மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

பெயர்கள் கடல் கடந்தபோது

நபியவர்கள் மாற்றிய பெயர்களைவிட மாற்றாமல் விட்ட பெயர்களே மிகுதி என்பதையும் கருத வேண்டும். உமர், உஸ்மான், அலீ, ஹம்ஸா, காலித், கதீஜா, பாத்திமா ஆகிய பெயர்கள் எல்லாம் இஸ்லாத்திற்கு முன்பே அரபு மக்களிடம் வழங்கியவை. மார்க்கம் வந்ததும் அவை களையப்படவில்லை; அவற்றைத் தாங்கியவர்களின் வாழ்வால் அவை நமக்கு இனியவை ஆயின.

இன்னொன்றும் உண்டு. இப்ராஹீம், இஸ்மாயீல், யஃகூப் போன்ற பெயர்களைப் பழைய அரபு இலக்கண அறிஞர்கள் ‘அஜமி’, அதாவது அரபு அல்லாத மொழியிலிருந்து வந்த பெயர்கள், என்று வகுத்து அவற்றுக்குத் தனி விதியும் அமைத்தனர். பிற மொழியின் பெயர் அரபு நாவில் புகும்போது அந்நாவுக்கு இசைந்த வடிவம் பெற்றது. அதே நிகழ்வு தமிழ் நாவிலும் நடந்தது.

வல்லின மெய்யில் ஒரு சொல் முடிவதைத் தமிழ் மரபு ஏற்பதில்லை. ஆகவே அஹ்மத் ‘அகமது’ ஆயிற்று. ஸய்யித் ‘செய்யது’ ஆயிற்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அன்னை கதீஜா ‘கதீசா’ என்று வருகிறார்கள். அப்புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளலின் பெயர் ஷைகு அப்துல் காதிர். நாடே அவரைச் ‘சீதக்காதி’ என்று அழைத்தது. கொடைக்கு இலக்கணமாக இன்றும் அப்பெயரே நிற்கிறது. இளையான்குடியில் ஞானப் பாடல்கள் பாடிய பெண்மணியின் பெயரோ கச்சிப்பிள்ளையம்மாள். முழுவதும் தமிழ்ப் பெயர். அது அவருடைய ஈமானுக்குத் தடையாகவில்லை.

இப்பெயர் வடிவங்களைத் திரிபு என்று எண்ணி நாணுவோர் ஒரு செய்தியை அறிய வேண்டும். நம்மூர்களில் முதியவர்கள் ‘உதுமான்’ என்பார்கள். அப்பெயரைத் தாங்கிய பேரப்பிள்ளைகளோ ‘உஸ்மான்’ என்று திருத்திக்கொள்கிறார்கள். அரபியில் அப்பெயரின் நடுவே உள்ள எழுத்து, நாநுனியைப் பல்லிடையே வைத்து ஒலிப்பது. அவ்வொலியைப் பாரசீகமும் உருதுவும் ‘ஸ’ ஆக்கின. தமிழோ ‘த’ ஆக்கியது. தமிழ் ஒலியும் பல்லிலிருந்தே பிறப்பது. ஆக, ‘உதுமான்’ அரபு ஒலிக்கு ‘உஸ்மான்’ என்பதைவிட எவ்விதத்திலும் தொலைவானதன்று. அவ்வாறே வடக்கே ‘ரம்ஜான்’ என்பதை நாம் ‘ரமலான்’ என்கிறோம். இக்கட்டுரையில் தோழர்களின் பெயருக்குப் பின் ‘ரலி’ என நாம் எழுதுவதும் அதே வழக்கு. கடல்வழியே நேரடியாக அரபியோடு உறவாடிய ஒரு சமுதாயத்தின் நாக்கு விட்டுச்சென்ற தடம் அது. பாட்டனாரின் பெயரில் இருப்பது பிழை அன்று, வரலாற்றுச் சான்று.

திருத்த வேண்டியது ஒன்று உண்டு. அப்துல் காதிர் என்று பெயரிட்டுவிட்டு ‘காதர்’ என்றும், அப்துர் ரஹ்மான் என்று பெயரிட்டுவிட்டு ‘ரகுமான்’ என்றும் அழைக்கிறோம். அடியான் என்னும் சொல்லை நீக்கி, இறைவனின் திருநாமத்தை மட்டும் மனிதருக்குச் சூட்டுகிறோம். அன்று உமய்யா அப்பெயரை ஏற்க மறுத்தான். அதனை விரும்பி இடும் நாம் பாதியை விட்டுவிடலாமா? அவ்வாறே, பட்டப் பெயரால் ஒருவரையொருவர் குத்திப் பேசுவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுக்கிறது. பிள்ளைகள் தம் பெயரை வெறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அப்பெயர் அன்று; அதனை வைத்துச் செய்யப்படும் கேலியே.

எங்கள் ஜெயினம்பு

இப்போது எங்கள் வீட்டுப் பெண்ணிடம் திரும்புவோம். ஸைனப் என்ற பெயரின் ஈற்றில் தமிழ் ஓர் உகரத்தைச் சேர்த்தது, இடையில் ஒரு மகர மெய்யை இழைத்தது, ‘ஜெயினம்பு’ பிறந்தது. நபியவர்கள் தம் மூத்த மகளாருக்கு இட்ட பெயர் அது. பர்ரா என்ற பெயரை நீக்கியபோது அதற்கு ஈடாகத் தேர்ந்தெடுத்துத் தந்த பெயரும் அதுவே. பள்ளியில் எந்தப் பெயரைக் கேட்டு அவள் தலைகுனிந்தாளோ, அப்பெயர் வேறு பெயர் வேண்டும் என்ற நிலையில் ஒரு பெண்ணுக்கு நபியவர்களே விரும்பி அளித்த பெயர்.

இதனை அவளிடம் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இதை ஏன் எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லவில்லை?” என்று கேட்டாள். முதற் கேள்விக்கு விடை கண்டுவந்த எங்களிடம் இரண்டாம் கேள்விக்கு விடை இல்லை. அவளுக்குப் பெயரைக் கொடுத்தோம். பெயரின் கதையைக் கொடுக்கவில்லை. வாப்பும்மாவின் பெயர் என்று மட்டும் சொல்லிவிட்டு, அது வாப்பும்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டது எங்கள் குற்றம்.

படிவம் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது. அவள் ‘ஸைனப்’ என்று மாற்றிக்கொள்ள விரும்பினாலும், முற்றிலும் வேறு பெயரை நாடினாலும் நாங்கள் தடுக்கப்போவதில்லை. ஹஸ்ன் அவர்களையே நபியவர்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் எதை வைத்துக்கொள்கிறோம், எதை விடுகிறோம் என்பதை அறிந்து அவள் முடிவு செய்வாள்.

அன்பிற்குரிய பெற்றோரே! ஏழாம் நாளில் பிள்ளைக்குப் பெயர் சூட்டுவதோடு நம் கடமை முடிவதில்லை. அப்பெயர் யாருடையது, அவர் எவ்வாறு வாழ்ந்தார், நம் ஊரில் அது எவ்வாறு ஒலித்தது என்பதை அப்பிள்ளைக்குச் சொல்லுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இன்றிரவே அவர்களிடம் கேளுங்கள். அவர்களோடு மறைந்துபோகும் கதைகள் பல உள்ளன. நம் பெயர்களுக்குத் தகுதியானவர்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.