மகாத்மா காந்தி (1940 ஆவணப்படம்)

மகாத்மா காந்தி என்பது ஏ. கே. செட்டியார் தயாரித்து, 1940 ஆகத்து 23 அன்று சென்னையில் தமிழ் வருணனையுடன் வெளியிட்ட முழுநீள ஆவணப்படம் ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிவந்த இப்படம் பின்னர் பல பத்தாண்டுகள் காணக் கிடைக்கவில்லை. இதிலிருந்து உருவான ஆங்கில வடிவம் ஒன்று 2000களில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது.

பின்னணி

கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் (1911–1983) பயண எழுத்தாளரும் இதழாளரும் ஆவார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்கையில் இப்படத்துக்கான எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று காந்தியின் பிறந்தநாள்.

தயாரிப்பு

காந்தி குறித்து ஏற்கனவே எடுக்கப்பட்டிருந்த படச்சுருள்களைத் தேடித் தொகுப்பதே முதன்மைப் பணியாக இருந்தது. இதற்காகச் செட்டியார் ஏறத்தாழ 1,00,000 மைல்கள் பயணம் செய்தார். 30 ஆண்டுக் காலத்தில் சுமார் 100 ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடி நீளப் படம் திரட்டப்பட்டது. இதிலிருந்து 12,000 அடி கொண்ட படம் உருவாக்கப்பட்டது. 35 மி.மீ. பேசும்படச் சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும் என்பதால், இது ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரப் படம் ஆகும்.

பிற மொழி வடிவங்கள்

தமிழைத் தொடர்ந்து தெலுங்கு வருணனையுடனும் படம் வெளியானது. 1947இல் இந்தி வடிவம் தில்லியில் திரையிடப்பட்டது. அமெரிக்காவில் மறுதொகுப்புச் செய்யப்பட்ட ஆங்கில வடிவம் 'மகாத்மா காந்தி: இருபதாம் நூற்றாண்டின் தீர்க்கதரிசி' எனப் பொருள்படும் தலைப்பில் 1953இல் வெளிவந்தது. இதற்கு வருணனை வழங்கியவர் அமெரிக்க இதழாளர் குவென்டின் ரெனால்ட்சு.

அக்காலப் படங்கள் அழிந்தமைக்கான காரணங்கள்

1940களில் 35 மி.மீ. திரைப்படங்கள் பெரும்பாலும் நைட்ரேட்டுச் சுருளிலேயே அச்சிடப்பட்டன. இது எளிதில் தீப்பற்றக் கூடியது; வெப்பமும் ஈரப்பதமும் மிக்க இடங்களில் விரைவில் சிதையும். சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் பழைய படிகள் அழிக்கப்பட்டன. படங்களைப் பாதுகாக்கும் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் புனேயில் நிறுவப்பட்டது. அக்காலத் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை.

மீள்கண்டுபிடிப்பு

படம் மறைந்த பின்னரும் அதைப் பற்றிய எழுத்து எஞ்சியிருந்தது. படத்தை உருவாக்கிய அனுபவங்களைச் செட்டியார் தமது 'குமரி மலர்' இதழில் தொடராக எழுதியிருந்தார். வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இக்கட்டுரைகளைத் தொகுத்துப் பதிப்பித்தார். 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் அந்நூலைக் காலச்சுவடு பதிப்பகம் 2003இல் வெளியிட்டது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2006இல் வெளிவந்தது. படத்தையும் தேடிவந்த வேங்கடாசலபதி, அதன் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவத்தைச் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்.

கிடைத்தது 1940ஆம் ஆண்டின் தமிழ் மூலம் அன்று. அயல்நாட்டுப் பார்வையாளர்களுக்காக மாற்றித் தொகுக்கப்பட்ட வடிவமே ஆகும். ஆகவே இதைக் கொண்டு செட்டியார் திரட்டிய காட்சிகள் சிலவற்றைக் காண முடிகிறதே தவிர, சென்னை மக்கள் 1940இல் கேட்ட தமிழ் வருணனையையும் காட்சிகளை அவர் அடுக்கிய முறையையும் அறிய இயலாது. மூலப்படத்தின் உருவாக்கத்தை அறிய 'அண்ணல் அடிச்சுவட்டில்' நூலே முதன்மைச் சான்றாக விளங்குகிறது.