பால்டிமோரில் புறப்பட்ட 432 வரிகள்

பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரம் எத்தனை நாளில் பழுதாகும் என்று கணிக்க வேண்டும். பக்கத்தில் எலக்ட்ரானிக் சிட்டியில் வாடிக்கையாளர் எந்த மாதம் விலகுவார் என்று கணிக்க வேண்டும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். அதைப் பைத்தானில் பழக விரும்புகிறவர் ‘லைஃப்லைன்ஸ்’ தொகுப்பைத் திறந்தால் கூடவே ஓர் அட்டவணை கிடைக்கும். பெயர் ரோசி. 432 வரிகள். ஒவ்வொரு வரியும் சிறையிலிருந்து வெளியே வந்த ஓர் ஆண்.

முதல் வரி 20, 1, 0, 27 என்று தொடங்குகிறது. விடுதலையான 20ஆம் வாரம் கைது, உதவித்தொகை இல்லை, வயது 27. தொடர்ந்து படித்தால் கறுப்பினத்தவர், மணமாகாதவர், முன்பு 3 முறை தண்டனை பெற்றவர். நான்காம் வரி 52, 0, 1, 23. உதவித்தொகை பெற்றவர், மணமானவர், ஓராண்டு முடியும்வரை கைதாகவில்லை.

இவர்கள் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து சிறைகளிலிருந்து பால்டிமோருக்குத் திரும்பியவர்கள். கையில் காசில்லாமல் வெளியே வருவதுதான் ஒருவரை மறுபடி திருட வைக்கிறதா என்று கென்னத் லெனிஹன் சோதித்துப் பார்த்தார். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வாரம் 60 டாலர், 13 வாரங்களுக்கு. மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. ஓராண்டுக்குள், பணம் பெறாத 216 பேரில் 66 பேரும் பெற்ற 216 பேரில் 48 பேரும் கைதானார்கள். பின்னர் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் பெரிய அளவில் செய்தபோது மொத்தத்தில் இந்தப் பலன் தெரியவில்லை. வேலை கிடைத்தால் உதவித்தொகை குறையும் என்ற ஏற்பாடு, வேலைக்குப் போவதையே தள்ளிப்போட வைத்தது. பீட்டர் ரோசி, ரிச்சர்ட் பெர்க், லெனிஹன் மூவரும் 1980இல் இதைப் புத்தகமாக எழுதினார்கள்.

கைதாகாத 318 பேரை என்ன செய்வது? திருந்திவிட்டார்கள் என்று எழுத முடியாது; 53ஆம் வாரத்தை யாரும் பார்க்கவில்லை. நோயாளிகள் எவ்வளவு காலம் பிழைத்திருக்கிறார்கள் என்பதற்காக 1958இல் காப்லானும் மையரும், 1972இல் டேவிட் காக்ஸும் தந்த முறைகள் இங்கே கைகொடுத்தன. பார்த்தவரை மட்டும் கணக்கில் கொள், அதற்குமேல் எதையும் ஊகிக்காதே என்கிற கண்ணியம் அவற்றில் இருக்கிறது. காக்ஸ் முறைப்படி, உதவி பெற்றவர் எந்த வாரத்திலும் கைதாகும் வாய்ப்பு பெறாதவருக்கு இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அட்டவணையில் பதிவானது குற்றம் அல்ல, கைது. போலீஸ் யாரைப் பிடிக்கிறது என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது.

பால் ஆலிசனின் பாடநூல், ஜான் ஃபாக்ஸின் ஆர் மொழிக் குறிப்புகள் வழியாக அட்டவணை உலகம் சுற்றியது. வழியில் வாரம் 60 டாலர் உதிர்ந்துபோய், உதவித்தொகைப் பத்திக்கு ‘ஃபின்’ என்ற மூன்றெழுத்துத் தலைப்பு மட்டும் மிஞ்சியது. எனக்கு இதுதான் வருத்தம். ஒரு சமூகம் தன்னைப் பற்றிக் கேட்ட கேள்வி, பயிற்சிக் கணக்காகச் சுருங்கிவிட்டது.

பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறி ஹொசா ரோட்டில் இறங்கினால் பரப்பன அக்ரஹாரா மத்திய சிறைக்குப் போகலாம். அந்தக் கதவைத் தாண்டி வெளியே வருகிறவர்களின் வாரங்களை எண்ண, அதே அட்டவணையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீனில் வெளியே வரும் அவர்கள் குற்றவாளிகள் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரமோ, உள்ளே வருகிறவர் முன்பும் வந்தவரா என்று பார்க்கிறது. வெளியே போனவரைப் பின்தொடர்வதில்லை.

கணக்கே போடாமல் கணித்த காலமும் நமக்கு உண்டு. 1871இல் வந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், பிறப்பையே முன்கணிப்பாக வைத்தது. 1920இல் பெருங்காமநல்லூரில் அதன் வழிவந்த சட்டத்தை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. சட்டம் நீங்கிய பிறகும் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் நீடித்தன. ரோசி அட்டவணையிலும் இனத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. இங்கே அந்த இடத்தில் சாதி வந்து உட்கார அதிக நேரம் ஆகாது.

பெங்களூரின் கணிப்பாளர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்த கலை. கர்நாடகச் சிறைகளுக்கென்று ஓர் அட்டவணை தொடங்கினால், ஜாமீனா, தண்டனை முடிந்ததா என்பது முதல் பத்தி. வெளியே வந்த நாளில் கையில் எவ்வளவு பணம், தங்க எந்த வீடு, போக எந்த வேலை என்பவை அடுத்த மூன்று. சாதிக்கு அதில் பத்தி வேண்டாம்.