மூன்று நாளும் முப்பத்தொன்றும்

சுவிற்சர்லாந்தில் ஒரு பிள்ளை பிறந்தால் 3 நாளுக்குள் அதைப் பதிவகத்துக்கு அறிவிக்க வேண்டும். இலங்கையில் 42 நாள் அவகாசம் உண்டு. இரண்டு நாட்டிலும் பிள்ளை பிறந்த இடத்துப் பதிவகத்தில்தான் பதிவு. தூண் நகரத்துத் தாய் பேர்ண் வைத்தியசாலையில் பெற்றால் பேர்ணில் பதிவாகும். சாவகச்சேரித் தாய் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் பெற்றால் யாழ்ப்பாணத்தில் பதிவாகும். ஆனால் கடமை யார் தலையில் விழுகிறது என்பது வேறு. சுவிஸில் வைத்தியசாலையே அறிவிக்கிறது. வீட்டில் பிறந்தால் அந்தப் பொறுப்பில் மருத்துவிச்சிக்கும் பங்குண்டு. இலங்கையில் அது முதலில் தாய் தகப்பனின் வேலை.

இந்த நாட்கணக்கு எங்கள் வீடுகளில் வெறும் கணக்கன்று. ஊரில் 31ஆம் நாள் துடக்குக் கழித்து, சாத்திரியார் நட்சத்திரத்துக்குரிய எழுத்தைச் சொல்லி, பெரியவர்கள் கூடிப் பெயர் வைத்து, அதன்பின் பதிவாளரிடம் போனாலும் கையில் இன்னும் 11 நாள் மிஞ்சும். பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிந்துவிட்டுப் பெயரைப் பின்னர் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. சுவிஸில் பெயரும் பிறப்பு அறிவித்தலோடு போகவேண்டும். அதனால் இங்கே பெயர் கர்ப்ப காலத்திலேயே முடிவாகிறது. பெண்ணென்றால் இது, ஆணென்றால் இது என்று எழுதிய படிவம் வைத்தியசாலைப் பையில் தயாராக இருக்கும். பிள்ளை எந்த நட்சத்திரத்தில் பிறக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிறந்த அன்றிரவே ஊருக்குத் தொலைபேசி எடுத்து எழுத்துக் கேட்டு, விடிவதற்குள் பெயரை மாற்றிய வீடுகளை நான் அறிவேன். 31 அன்று தொட்டிலில் போட்டுக் கூப்பிடும்போது அந்தப் பெயர் ஏற்கெனவே நான்கு கிழமை பழையதாகியிருக்கும்.

ஒரு விடயத்தில் சுவிஸ் பதிவு சாத்திரியாருக்கு நல்ல துணை. பிறந்த நேரத்தையும் அது குறித்துக்கொள்கிறது. மார்ச் கடைசியிலிருந்து ஒக்ரோபர் கடைசிவரை இங்கே கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடுவதை மட்டும் சாதகம் கணிப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு பதிவுகளின் வேரும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்வதை நான் பிந்தித்தான் அறிந்தேன். சூரிச்சில் ஞானஸ்நானப் பதிவேடு 1526இல் தொடங்கியது. பிள்ளைகளுக்கு முழுக்குக் கூடாது, வளர்ந்தவர்களுக்கே என்று சொன்ன பிரிவினரைக் கண்டுபிடிக்க, எந்த வீட்டுப் பிள்ளை முழுக்குப் பெறவில்லை என்று நகரசபை அறிய விரும்பியது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் சூரிச்சைப் போலவே சீர்திருத்தத் திருச்சபை மரபினர். ஊர்ப் பள்ளிகளின் வழியாக ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதினார்கள். வீட்டில் சைவராக இருந்துகொண்டே தோம்பில் கிறிஸ்தவப் பெயரோடு நின்றவர்கள் எங்கள் முன்னோரில் பலர். சூரிச்சிலும் யாழ்ப்பாணத்திலும் பிறப்பை எழுதிவைத்த அந்தக் கை, மக்களைக் கண்காணிக்க நீண்ட கைதான்.

குடியியல் பதிவில் இலங்கை முந்திக்கொண்டது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அங்கே 1867இல் வந்தது. சுவிஸில் ஜெனீவா போன்ற சில மாநிலங்களில் முன்பே இருந்தாலும், நாடு முழுவதும் பதிவேடு திருச்சபையிடமிருந்து அரசின் கைக்கு வந்தது 1876 ஜனவரி 1ஆம் திகதிதான்.

இனி இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று என்னுடையது, மற்றது பேர்ணில் பிறந்த என் மகளுடையது. அவளுடையதில் பெயர், பால், பிறந்த நாள், நேரம், இடம், பெற்றோர் விபரம். அவ்வளவுதான். என்னுடையதில் தகப்பனின் இனம், தாயின் இனம், பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வி, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும், அதற்கு மேலே பூட்டனார் என்று கட்டங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் விட்டுச்சென்ற கட்டங்கள் அவை. இலங்கையில் பிறந்தால் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்கவேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டவேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்டது. அந்தக் கடதாசியைக் காட்ட முடியாமல் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தமிழில் அச்சிட்ட ஒரு படிவத்துக்குள் இத்தனை பேரின் வாழ்வு மாட்டிக்கொண்டிருந்தது என்பதை நினைக்காமல் அந்தக் கட்டங்களை என்னால் பார்க்க முடிவதில்லை.

சுவிஸ் தாளில் இனம் இல்லை. அதனால் சுவிஸ் வேர் பார்ப்பதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே பிறந்ததால் மட்டும் எவரும் சுவிஸ் குடி ஆவதில்லை. 2018 முதல் மூன்றாம் தலைமுறைக்கு வழி இலகுவாக்கப்பட்டது, அதுவும் விண்ணப்பித்தால்தான். சுவிஸ் குடிகளின் கடவுச்சீட்டில் பிறந்த இடத்துக்குப் பதிலாக ‘ஹைமாட்ஓர்ட்’ என்று முன்னோரின் ஊர் நிற்கும். அந்த ஊரை அவர்கள் ஒருநாளும் மிதித்திராமலும் இருக்கலாம். “ஊரில் எவடம்?” என்று முதல் சந்திப்பிலேயே கேட்கும் எங்களுக்கு அது அந்நியமான எண்ணமல்ல. பருத்தித்துறையில் பிறந்து பூர்க்டோர்ஃபில் குடியுரிமை பெற்றவரின் பிள்ளைக்கு முன்னோர் ஊர் பூர்க்டோர்ஃப்.

பெயர்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. கந்தையாவின் மகன் சிவபாலன் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் க. சிவபாலன். சுவிஸ் பதிவகத்துக்குக் கந்தையா என்பது குடும்பப் பெயர். சுவிஸ் முறைப்படி பதிந்தால் சிவபாலனின் மகளும் கந்தையாதான். ஊர் வழக்கில் படித்தால் அவள் தன் தகப்பனுக்குத் தங்கையாகிறாள். பிறநாட்டவர் தம் நாட்டுச் சட்டப்படி பெயர் வைக்கக் கேட்கலாம் என்று சுவிஸ் சட்டம் சொல்கிறது. கேட்டவர்களின் பிள்ளைகள் சிவபாலன் என்ற குடும்பப் பெயரோடு வளர்கிறார்கள். கேட்கலாம் என்று தெரியாதவர்களே அன்று கூட. முதல் பிள்ளைக்கு அப்படிக் கேட்டுவிட்டு, பின்னர் சுவிஸ் குடிகளாகி இன்னொரு பிள்ளை பெற்றவர்களுக்குச் சுவிஸ் முறையே பொருந்தியது. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர்.

சுவிஸ் வழி விரைவானது, செலவு குறைவானது, நேர்த்தியானது. பிறப்புப் பத்திரம் ஒன்றுக்கு 30 பிராங்க். ஆனால் அந்த விரைவு பெற்றோரின் கடதாசிகள் ஒழுங்காக இருப்பவர்களுக்கே. பிறநாட்டுப் பெற்றோர் தம் பிறப்பு, திருமணப் பத்திரங்களைக் கொடுக்கவேண்டும். அவை ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பது பொதுவிதி. கோயிலில் மட்டும் தாலி கட்டியிருந்தால் அது இங்கே திருமணமாகாது, தகப்பன் பிள்ளையைத் தனியே ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அதற்கும் அதே கடதாசிகள். வன்னியில் பிறந்து, போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து 2009இல் எல்லாவற்றையும் விட்டுவந்தவர் எதை எடுத்துவருவார்? பிறப்புப் பதிவே கிடைக்காதவருக்கு இலங்கையில் உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ‘உத்தேசம்’ என்ற சொல்லை ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்துப் பதிவகத்தில் நீட்டும்போது மறுபக்கத்து முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் ஒன்றாக நிற்கும் பெயர் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் மணப்பதிவில் இன்னொருவிதமாகவும் ஆங்கில எழுத்தேறியிருந்தால் அதற்கும் விளக்கக் கடிதம்.

கடதாசி பெற முடியாதவர், தரவில் சர்ச்சை இல்லையென்றால், அலுவலர் முன் உறுதிமொழி கொடுத்துப் பதியலாம் என்று சுவிஸ் குடியியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு வழிவைத்திருக்கிறது. அந்தப் பிரிவைப் பற்றி எங்கள் ஆட்களிடம் யாரும் முதல் நாளே சொல்வதில்லை, அதுதான் என் ஆற்றாமை. பெற்றோரின் கடதாசிக்காகக் கோப்புக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் கையில் இல்லை. பிறந்தவுடன் பதியப்படுவது குழந்தையின் உரிமை என்று சிறுவர் உரிமைச் சாசனத்தின் 7ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இலும் சுவிஸ் 1997இலும் ஏற்றன. வைத்தியசாலை 3 நாளில் தன் கடமையை முடித்துவிடுகிறது. தகப்பனின் ஊரில் எரிந்துபோன பதிவேட்டுக்கு அந்தக் குழந்தை ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

இலங்கைக் குடியுரிமையை விடாத பெற்றோருக்கு இன்னொரு கதவும் உண்டு. ஓராண்டுக்குள் ஜெனீவாவிலுள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் பிறப்பைப் பதிந்தால் வம்சாவழிக் குடியுரிமை கோரலாம். தயங்கி நின்று அந்த ஆண்டைக் கடந்துவிடுபவர்கள் நிறையப் பேர். அகதியாக ஏற்கப்பட்டவர் அந்தக் கதவைத் தட்டவே முடியாது, தட்டினால் பாதுகாப்புக்கே பங்கம்.

என் மகள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பெயர்ப் படிவம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. பெயருக்கான வரியை நிரப்பிவிட்டாள். பாட்டனார் பிறந்த இடம் என்றொரு கட்டம் அதில் இல்லை. அவள் கேட்டதால், பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்: கரவெட்டி.