களாக்காய் செர்ரி ஆன கதை

சென்னைக்கு அருகே, கார் ஆலைகள் உள்ள ஒரகடத்தின் டீக்கடையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர் கேக் வாங்கினால், மேலே பதித்த சிவப்பு உருண்டையை முதலில் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார். அதைக் கடைக்காரர் செர்ரி என்பார். அசல் செர்ரி காஷ்மீரிலும் இமாசலத்திலும் விளைவது. அந்த விலை டீக்கடை கேக்குக்குக் கட்டுப்படியாகாது. அவர் மெல்லுவது அனேகமாகக் களாக்காய்தான்.

களாவின் காட்டு உறவான சிறுகளா இந்தப் பக்கத்துப் புதர்க்காடுகளில், காரையோடும் சூரையோடும் பின்னிக்கொண்டு வளர்வது. முள் இரட்டை இரட்டையாக இருக்கும். கிள்ளினால் பால் வடியும். அரளியும் இதே குடும்பம். காய் பச்சையிலிருந்து சிவந்து, பழுத்தால் கறுக்கும். அந்தக் கறுப்பை யாழின் தண்டுக்கு உவமை சொன்னது புறநானூறு. பதிற்றுப்பத்தின் சேரன் ஒருவன் பெயரே களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல்! மணிமுடி பகைவர் கையில் இருந்ததால், களங்காய்க் கண்ணியும் நாரால் செய்த முடியும் சூடி அரியணை ஏறினான் என்று அதற்குக் கதை சொல்வார்கள்.

ஊரில் களா கொல்லைக்கு வேலி. ஆடு நுழையாது, மாடும் கிட்டே வராது. காயைப் பிளந்து, விதை எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் சேர்த்தால் ஊறுகாய். புளியோ எலுமிச்சையோ வேண்டாம், அவ்வளவு புளிப்பு. பசி எடுக்கக் காயும், குடற்புழுவுக்கு வேரும் நாட்டு வைத்தியத்தில் உண்டு.

1990களின் பிற்பகுதியில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் கார் ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. பல ஏக்கரைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர் எழும்பிய இடத்தில் முள்வேலிக்கு வேலை இல்லை. காய் மட்டும் வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது.

கேக்குக்குப் போவது தோட்டத்தில் விளையும் பெரிய களா. விதை நீக்கி, உப்புநீரில் ஊறவைத்து, கந்தக டை ஆக்சைடால் நிறத்தைப் போக்கிவிடுவார்கள். பிறகு சர்க்கரைப் பாகு. ஒரே நாளில் கெட்டிப்பாகில் போட்டால் காய் சுருங்கிவிடும் என்பதால் பாகின் அடர்த்தியைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். சிவப்புக்கு எரித்ரோசின். இந்தச் சாயம் புளிப்பில் கரையாது. பழத்துக்குள்ளேயே படிந்து நிற்பதால், பக்கத்தில் இருக்கும் வெள்ளை கிரீமில் கசியாது. அமெரிக்கா 2025 ஜனவரியில் உணவில் இதற்கான அனுமதியை ரத்து செய்து, ஆலைகளுக்கு 2027 வரை அவகாசம் தந்தது. இந்தியாவில் அளவுக்கு உட்பட்டு அனுமதி உண்டு.

இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனமில்லை; டுட்டி ஃப்ரூட்டியாக வேஷம் போடுகிற பப்பாளிக்காயை யார் கேட்டோம்? ஆனால் பாக்கெட்டின் முன்பக்கம் செர்ரிப் படம், பின்பக்கத்துப் பொடி எழுத்தில் கரோண்டா என்ற இந்திப் பெயர் என்பதுதான் உறுத்துகிறது. களாக்காய் என்று தமிழில் அச்சிட்டால் இங்கே வாங்குகிறவர்களுக்குப் புரியும்.