இந்தியாவில் கால்நடைத் தீவனமாக வாற்கோதுமை

வாற்கோதுமை (பார்லி) புல் குடும்பத்தைச் சேர்ந்த தானியப் பயிர் ஆகும். இதன் தாவரவியல் பெயர் ஓர்டியம் வல்கேர். கதிரில் வால் போல நீண்ட கூரிழைகள் இருப்பதால் தமிழில் இப்பெயர் பெற்றது. இந்தியில் இது ஜௌ எனப்படுகிறது. உலகில் விளையும் வாற்கோதுமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்நடைத் தீவனமாகிறது. இந்தியாவிலும் இது நெடுங்காலமாகத் தீவனத் தானியமாக இருந்து வந்துள்ளது. எனினும் அண்மைப் பத்தாண்டுகளில் மால்ட், பீர் ஆலைகளின் தேவை பெருகியுள்ளது. நெல் விளையும் தமிழ்நாட்டில், குறிப்பாகத் திருப்பெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில், வாற்கோதுமை மாடுகளுக்குத் தானியமாக அன்றி, பீர் வடித்தபின் எஞ்சும் சக்கையாகவே பெரும்பாலும் கிடைக்கிறது.

சாகுபடி

வாற்கோதுமை குளிர்காலப் பயிர். இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், அரியானா, பஞ்சாப் ஆகியவை இதைப் பயிரிடும் முக்கிய மாநிலங்கள். இவற்றுள் இராசத்தான் முதலிடம் வகிக்கிறது. குறைந்த நீரிலும் உவர் நிலத்திலும் வளர்வது இதன் சிறப்பு. தமிழ்நாட்டில் நீலகிரி மலையில் முற்காலத்தில் படுகர் இதனைப் பயிரிட்டனர். சமவெளியின் வெப்பம் இதற்கு ஒவ்வாது.

1960களின் தொடக்கத்தில் இந்தியாவில் 30 லட்சம் எக்டேருக்கும் மேல் வாற்கோதுமை பயிரிடப்பட்டது. பசுமைப் புரட்சிக்குப் பின் பாசன நிலங்கள் கோதுமைக்கு மாறின. 2018–19 இல் பரப்பு சுமார் 6 லட்சம் எக்டேராகவும் விளைச்சல் சுமார் 16 லட்சம் டன்னாகவும் இருந்தது. பரப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியபோதும், எக்டேருக்கு ஒரு டன்னுக்கும் குறைவாக இருந்த மகசூல் இரண்டரை டன்னைத் தாண்டியதால் மொத்த விளைச்சல் அதே அளவுக்கு வீழவில்லை. 2025–26 சந்தைப் பருவத்திற்கு நடுவண் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,980 ரூபாய்.

தீவனப் பண்புகள்

வாற்கோதுமையில் 10 முதல் 12 விழுக்காடு வரை புரதம் உள்ளது. இது மக்காச்சோளத்தில் உள்ளதைவிடச் சற்று அதிகம். உமி ஒட்டியிருப்பதால் நார்ச்சத்து கூடுதலாகவும் ஆற்றல் சற்றுக் குறைவாகவும் இருக்கும். மாடுகளுக்கு முழுத் தானியமாகக் கொடுத்தால் ஒரு பகுதி செரிக்காமல் சாணத்தில் வெளியேறும். ஆகவே உடைத்தோ நசுக்கியோ கொடுப்பர். இதன் மாவுச்சத்து முதல் இரைப்பையில் விரைந்து புளிப்பதால், பழக்கமில்லாத மாட்டிற்கு ஒரேயடியாக மிகுதியாகக் கொடுத்தால் அமில நோய் உண்டாகும்.

கோழிகளுக்கு இது அவ்வளவாக ஏற்றதன்று. இதிலுள்ள பீட்டா குளூக்கன் என்னும் பொருள் குடலில் பிசுபிசுப்பை உண்டாக்குகிறது. அதைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தால் இக்குறை தணியும். நாமக்கல் உள்ளிட்ட கோழிப்பண்ணைப் பகுதிகள் மக்காச்சோளத்தையே சார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாட்டளவிலான போக்குகள்

- மால்ட் தேவை: மால்ட் ஆலைகள் சில வட மாநிலங்களில் உழவர்களுடன் ஒப்பந்தம் செய்து தரமான தானியத்தைக் கொள்முதல் செய்கின்றன. ஆலை ஏற்காத சிறுத்த மணிகள் தீவனத்திற்குச் செல்கின்றன.
- இருபயன் இரகங்கள்: விதைத்த 50 முதல் 55 நாட்களில் ஒருமுறை பசுந்தீவனமாக அறுத்து, மறுபடி துளிர்ப்பதிலிருந்து தானியமும் பெறும் முறை வறண்ட வட மாநிலங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. ஆர்டி 2035, ஆர்டி 2715 ஆகியவை இத்தகைய இரகங்கள். கர்னாலில் உள்ள இந்தியக் கோதுமை மற்றும் வாற்கோதுமை ஆராய்ச்சி நிறுவனம் இவ்வாய்வுகளை ஒருங்கிணைக்கிறது.
- மக்காச்சோள நெருக்கடி: எத்தனால் தயாரிப்புக்கு மக்காச்சோளம் பெருமளவில் திருப்பப்பட்டதால், 2024 இல் இந்தியாவின் மக்காச்சோள இறக்குமதி ஏற்றுமதியை மிஞ்சியது. இது மாற்றுத் தீவனங்களின் மீது கவனத்தைத் திருப்பியது. ஆயினும் வாற்கோதுமையின் மொத்த விளைச்சல் மிகச் சிறிது என்பதால் அது மக்காச்சோளத்தின் இடத்தை நிரப்ப இயலாது.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிப்பாசனத்திற்குப் பெயர்பெற்றது. இங்கு மாடுகளின் உணவு நெல் சாகுபடியோடு பிணைந்திருந்தது. வைக்கோல் உலர்தீவனமாகவும், தவிடு, புண்ணாக்கு, உளுந்தம் பொட்டு ஆகியவை அடர்தீவனமாகவும் பயன்பட்டன. அறுவடைக்குப் பின் வயல்களும், ஆண்டு முழுதும் மேய்க்கால் புறம்போக்கு நிலங்களும் மேய்ச்சலுக்கு உதவின.

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை அமைந்தது. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. தொழிற்பூங்காக்களும் வீட்டு மனைகளும் பெருகியதால் விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் சுருங்கின. மீதமுள்ள வயல்களில் இயந்திர அறுவடை பரவியதால் வைக்கோலைக் கட்டுகளாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அதே வேளையில் பெருகிய மக்கள்தொகையால் பாலுக்கான தேவை உயர்ந்தது. மாடு வளர்ப்போர், விலை குறைந்த ஆலைக் கழிவுகளை நாட இதுவே பின்னணி.

பீர் ஆலைச் சக்கை

வட மாநிலங்களிலிருந்து வரும் மால்ட்டைக் கொண்டு சென்னைக்கு மேற்கேயுள்ள ஆலைகளில் பீர் வடிக்கப்படுகிறது. 100 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 20 கிலோ ஈரச் சக்கை எஞ்சும். மாவுச்சத்து பீருக்குச் சென்றுவிடுவதால், புரதமும் நாரும் சக்கையில் செறிந்து நிற்கின்றன. உலர் எடையில் புரதம் 20 விழுக்காட்டிற்கும் மேல்.

ஆனால் ஈரச் சக்கையில் முக்கால் பங்கிற்கு மேல் நீரே உள்ளது. 10 கிலோ சக்கையில் கிடைக்கும் உலர்பொருள் இரண்டு முதல் இரண்டரை கிலோ. அதிலுள்ள புரதம் சுமார் அரை கிலோ. எனவே இதன் உண்மையான விலையை ஆலைக்கும் தொழுவத்திற்கும் இடையேயுள்ள தூரமே தீர்மானிக்கிறது. ஆலைக்கு அருகில் இருப்பவருக்கு மலிவான இத்தீவனம், தொலைவில் இருப்பவருக்கு நீரைச் சுமந்த கூலியாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

வெப்பமான காலத்தில் ஈரச் சக்கை இரண்டு, மூன்று நாட்களில் கெட்டுவிடும். பூஞ்சை பிடித்த தீவனத்தில் உருவாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு, மாற்றமடைந்து பாலிலும் வெளிப்படும். காற்றுப் புகாமல் அழுத்தி மூடி வைத்தால் சக்கையைச் சில வாரங்கள் காக்கலாம். இதில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் தாது உப்புக் கலவை தேவை. கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிலோவுக்கு மிகாமல், வைக்கோல், பசும்புல் ஆகியவற்றுடன் சேர்த்தே கொடுக்க வேண்டும். சக்கை அடர்தீவனத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்யுமே தவிர, வைக்கோலுக்கும் புல்லுக்கும் மாற்றாகாது.

ஒரகடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை உணவியல் ஆய்வு நிலையம் உள்ளது. சிறு நிலம் உடையோருக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அசோலா, மண்ணில்லா முறையில் ஏழெட்டு நாட்களில் வளர்க்கும் முளைத்தீவனம் ஆகியவை மாற்று வழிகளாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. வேறு நாடுகளில் முளைத்தீவனத்திற்கு வாற்கோதுமை மிகுதியாகப் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் விதை எளிதில் கிடைப்பதால் மக்காச்சோளமே பெரும்பாலும் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- வாற்கோதுமை
- அடர்தீவனம்
- மேய்க்கால் புறம்போக்கு
- காஞ்சிபுரம் மாவட்டம்